தீபாவளிக்கு எங்கே இலை போடுவது?

அன்புள்ள சகோதரிக்கு,

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. ஆனால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். பிள்ளை வெளிநாட்டில் வேலைக்குப் போன ஒவ்வொரு வீட்டிலும், பண்டிகைக்கு அங்கே போகலாம் என்று முடிவானதும் இதே பேச்சு எழுகிறது. சேலம், நாமக்கல் பக்கம் அப்படிப்பட்ட வீடுகள் இப்போது தெருவுக்குத் தெரு இருக்கின்றன.

உங்கள் வீட்டு நிலவரம் எனக்குப் புரிந்தவரை இதுதான். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். 2026 நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. நீங்கள், வீட்டுக்காரர், மாமியார், மகள், மருமகன், பேத்தி எல்லோரும் போகிறீர்கள். பண்டிகையன்று ஒரு வேளையாவது நல்ல ஓட்டலில் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மெரினா பே சாண்ட்ஸ் 57ஆவது மாடியில் கடலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம் என்கிறான் மகன். கறிக்குழம்பு இல்லாமல் என்ன தீபாவளி என்கிறார் வீட்டுக்காரர். மாமியார் மட்டும், “எனக்கு ரெண்டு இட்லி போதும் சாமி, உங்களுக்குப் பிடிச்ச இடத்துக்குப் போங்க” என்கிறார். எந்த ஓட்டல் என்று என்னைக் கேட்கிறீர்கள்.

ரெண்டு இட்லி போதும் என்கிறவரை வைத்துத்தான் ஓட்டலைத் தேட வேண்டும். மற்றவர்கள் எங்கே போனாலும் ஏதாவது ஒன்றைச் சாப்பிட்டுவிடுவார்கள். பேத்திக்கு வறுத்த உருளைக்கிழங்கு எந்த நாட்டிலும் கிடைக்கும். எழுபது வயதைத் தாண்டியவர், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், நோன்பு பிடிக்கிறவர், மட்டன் வெந்த சட்டியில் சாம்பார் வைத்தால் தொடாதவர் என்றால் அவருக்குத்தான் இடம் அமைவது கடினம். அவர் வயிறார உண்ணும் இடத்தில் எல்லோரும் உண்ணலாம். அவர் வெறும் தயிரைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தால், மற்ற இலைகளில் எது இருந்தாலும் அது குடும்பச் சாப்பாடு ஆகாது.

தீபாவளியில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். நம் பக்கம் விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் உருட்டி விழுங்கி, இட்லிக்குக் கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்ட பிறகுதான் பண்டிகை பிறக்கும். அதை ஒட்டியே அமாவாசை வந்துவிடும். கேதார கௌரி நோன்பு உள்ள வீடுகளில் அதிரசம் சுட்டு, நோன்புக் கயிறு கட்டி, சைவம். ஊரில் என்றால் காலையில் கறி, அப்புறம் அடுப்படியைக் கழுவிவிட்டு நோன்புச் சமையல் என்று சமாளித்துவிடுவீர்கள். ஓட்டலில் அடுப்படி உங்கள் கையில் இல்லை. சிங்கப்பூர்க் கடிகாரம் வேறு நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அமாவாசை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று பஞ்சாங்கத்தைப் பார்த்தால், அந்த இரண்டரை மணியையும் கூட்டிக்கொள்ளுங்கள். மாமியாரின் மாத்திரை நேரத்துக்கும் இதே கணக்குத்தான். எப்படி மாற்றுவது என்று புறப்படும் முன் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

எனவே என் யோசனை இது. தீபாவளியன்று மதியம் எல்லோருக்கும் ஒரே சைவ ஓட்டல், ஒரே மேசை, ஒரே சாப்பாடு. கறியை வேறொரு வேளைக்கு வையுங்கள். சிங்கப்பூரில் பொது விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் மறுநாள் திங்கட்கிழமை விடுமுறை. மகனுக்கு 9ஆம் தேதியும் வேலை இருக்காது. முந்தின நாள் சனிக்கிழமை இரவோ, அமாவாசை கழிந்தபின் திங்கட்கிழமை மாலையோ கறிக்குப் போகலாம். வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். ஒரு நாளில் சரியாகிவிடுவார்.

இனி பெயர்கள். சிங்கப்பூரில் நம் ஆட்களின் கடைத்தெரு சிராங்கூன் சாலை. லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் இறங்கினால் தேக்கா சந்தை. அங்கிருந்து வீரமாகாளியம்மன் கோயில் வரை காலாற நடந்துவிடலாம். சைவத்துக்கு அங்கே இரண்டு பழைய பெயர்கள் உண்டு. ஆனந்த பவன் 1924இல் தொடங்கியது, நூறாண்டு தாண்டிவிட்டது. கோமள விலாஸ் 1947 முதல் இருக்கிறது. 2015 நவம்பரில் இந்தியப் பிரதமர் மோடி சிங்கப்பூர் போனபோது அந்நாட்டுப் பிரதமர் லீ சியன் லூங் அவரை அழைத்துப் போனது இந்தக் கோமள விலாஸுக்குத்தான். எத்தனையோ நட்சத்திர ஓட்டல்கள் உள்ள ஊரில், இரண்டு பிரதமர்கள் தோசைக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உங்கள் மகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்குக் குறைச்சலாகப் படாத இடம் நமக்கும் குறைச்சல் இல்லை. சரவண பவன், முருகன் இட்லிக்கடை எல்லாமும் அங்கே கிளை வைத்திருக்கின்றன. இருந்தாலும் சேலத்திலிருந்து சென்னை போனாலே கிடைப்பதைத் தேடிச் சிங்கப்பூர் போக வேண்டாம். அந்த ஊரிலேயே வேர்விட்ட கடைக்குப் போங்கள்.

கறிக்கு ரேஸ் கோர்ஸ் சாலை. சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துத் தெரு. முத்துஸ் கறி 1969இல் தொடங்கியது, பனானா லீஃப் அப்போலோ 1974இல். இரண்டிலும் வாழையிலை போட்டுத்தான் பரிமாறுவார்கள். ஆனால் அங்கே போய் மட்டன் சுக்கா கேட்டுவிட்டு, நம்மூர் ருசி இல்லையே என்று குறைப்படாதீர்கள். சிங்கப்பூருக்கு வரும் ஆட்டிறைச்சி பெரும்பாலும் ஆஸ்திரேலியச் செம்மறி. நம் வெள்ளாட்டு மணமும் இராது, கடிபடும் பதமும் இராது. அங்கே கேட்க வேண்டியது மீன் தலைக் கறி. கேரளத்திலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்த கோமஸ் என்பவர், மீன் தலை என்றால் சீனர்களுக்கு உயிர் என்பதைப் பார்த்து, அதை நம் புளிக்குழம்பில் போட்டு விற்கத் தொடங்கினார் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. அண்டா போன்ற சட்டியில், சங்கரா வகைப் பெரிய மீனின் தலை வெண்டைக்காயோடும் தக்காளியோடும் கொதித்து வரும். நம் மசாலாவும் சீனர் நாக்கும் சேர்ந்து பெற்ற பண்டம் அது. சேலத்தில் எந்த மெஸ்ஸிலும் கிடைக்காது. வீட்டுக்காரர் கறியை மறந்துவிடுவார் என்று நான் உறுதி கொடுக்க முடியாது. கன்னத்துச் சதைக்காக மருமகனோடு போட்டி போடுவார் என்பது மட்டும் உறுதி.

அந்த வேளையில் மாமியாரை என்ன செய்வது என்பீர்கள். அவரை ஓரமாக உட்காரவைத்து வேடிக்கை பார்க்கச் சொல்லாதீர்கள். மகன் வீட்டில் சூடாக ஒரு ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு, நீங்களோ மகளோ துணைக்கு இருந்துவிடுங்கள். பண்டிகை மேசையில்தான் எல்லோரும் வேண்டும். கறி மேசைக்கு வருகைப் பதிவேடு கிடையாது.

அடுத்தது கூட்டம். இதைப் பலர் யோசிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றாலே லிட்டில் இந்தியாவில் தோளோடு தோள் இடிக்கும். கட்டட வேலை, கப்பல் பட்டறை வேலை பார்க்கும் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் வங்கதேசத்துப் பிள்ளைகளும் வாரத்தில் ஒரு நாள் கூடும் இடம் அது. 2026இல் அந்த ஞாயிறும் தீபாவளியும் ஒரே நாளில் வருகின்றன. பன்னிரண்டரை மணிக்கு ஏழு பேராகப் போய் நின்றால் மேசை கிடைக்க ஒரு மணி நேரம் ஆகலாம். சர்க்கரை உள்ளவருக்கு அது விளையாட்டல்ல. பழைய டிபன் கடைகள் பலவற்றில் முன்பதிவு என்ற வழக்கமே இல்லை. வந்தவர்க்கு வந்த வரிசை. ஆகவே பதினோரு மணிக்கே போய்விடுங்கள். அப்போது நம்மூர் மணி எட்டரை. மாமியாருக்கு அது காலைச் சாப்பாட்டு நேரம், மகனுக்கு மதியச் சாப்பாடு. ஒரு வேளையில் இரண்டும் முடியும்.

அந்தப் பகுதியில் பழைய கடைவீட்டுக் கட்டடங்கள் அதிகம். முன்னால் ஐந்தடிப் பாதை என்று கூரை போட்ட நடைபாதை ஓடும். மழைக்கும் வெயிலுக்கும் நல்லது. ஆனால் கடைக்குக் கடை மட்டம் மாறும், படி தடுக்கும். மேல்மாடிக் கூடம் உள்ள கடைகள் பலவற்றில் ஏறுவதற்குப் படிக்கட்டுதான். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். கீழ்த்தளத்தில் இடம் உண்டா, கழிப்பறை எந்த மாடியில் இருக்கிறது என்ற இரண்டையும் மகன் ஒருநாள் மாலை நேரில் போய்ப் பார்த்து வரட்டும். உணவின் ருசியைப் பற்றி நூறு பேர் எழுதுவார்கள். படிகளை யாரும் எண்ணிச் சொல்வதில்லை.

மகன் சொன்ன 57ஆவது மாடியை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பண்டிகைச் சாப்பாட்டுக்கு வேண்டாம் என்கிறேன். தீபாவளி மாலை எல்லோரும் மேலே போய் ஊரைப் பாருங்கள், பேத்திக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள். அந்த மாதிரி இடங்களில் கொடுக்கும் காசில் பாதி காட்சிக்கு. காட்சியை மாமியாரும் ரசிப்பார். தட்டில் வருவதை ரசிப்பாரா என்பது சந்தேகம்.

காசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் மேசையில் பரிமாறும் ஓட்டல்களின் விலைப்பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதற்கும் சேர்த்துப் பொருள் சேவை வரி 9 சதவீதம் என்று அதற்குப் பொருள். 100 டாலருக்குச் சாப்பிட்டால் பில் 119 டாலர் 90 காசு வரும். இந்த வரி 2024 ஜனவரி முதல் 9 சதவீதம். சேவைக் கட்டணம் பில்லிலேயே இருப்பதால் தனியாக டிப்ஸ் வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. சீன உணவகங்களில் கேட்காமலே மேசையில் வைக்கும் வேர்க்கடலைக்கும் ஈரத் துடைப்புத் தாளுக்கும் பில்லில் காசு சேரும். வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். ஒவ்வொரு டாலரையும் ரூபாயாக்கி மனத்துக்குள் பெருக்கிக்கொண்டே சாப்பிடாதீர்கள். மகன் மனம் நோகும். கணக்கை முதல் நாளே போட்டு முடித்துவிட்டு, இலை முன்னால் சாப்பாட்டை மட்டும் பாருங்கள்.

“இவ்வளவு தூரம் போயும் இட்லி, சாம்பார்தானா?” என்று உங்கள் மகள் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குத்தான் மற்ற நாட்கள் இருக்கின்றன. சிங்கப்பூரின் உணவங்காடிகளை யுனெஸ்கோ 2020 டிசம்பரில் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று ஒரே கூரையடியில் கடை போட்டிருப்பார்கள். ஒரே மேசையில் ஒருவர் தோசையும் ஒருவர் நூடுல்ஸும் சாப்பிடலாம். தேக்கா சந்தையிலேயே அப்படி ஓர் அங்காடி உண்டு. சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கொண்டுபோய் அதற்குரிய இடத்தில் நீங்களேதான் வைக்க வேண்டும். 2021 முதல் இது அங்கே சட்டம்.

ஆனால் சைவம் என்ற சொல்லை நம்பி அங்கே எதையும் வாங்கிவிடாதீர்கள். கீரை வதக்கல் என்று வாங்கினால் அதில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். பச்சைக் காய்கறிமேல் ஊற்றும் பளபளப்பான குழம்பு பெரும்பாலும் சிப்பிச் சாறு. வெறும் தேங்காய்ப்பால் காய்கறிக் கூட்டு போலத் தெரியும் மலாய்ச் சமையலில் காய்ந்த இறாலை அரைத்துப் போட்டிருப்பார்கள். தாய்லாந்துக் கடையென்றால் மீன் சாறு. இறைச்சித் துண்டு கண்ணில் படாவிட்டால் அது சைவம் என்று அந்தக் கடைக்காரர் நினைப்பதில் அவர் தப்பு எதுவும் இல்லை. அவர் வளர்ந்த முறை அது. சீனர்களின் பௌத்த சைவக் கடைகள் இந்த வகையில் நம்பிக்கையானவை. வெங்காயம், பூண்டுகூட இல்லாமல் சமைப்பார்கள். ஆனால் சோயாவில் கோழி, மீன், வாத்து என்று உருவம் செய்து வைப்பார்கள். முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் மாமியார் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். முட்டை சேர்க்கிறார்களா என்றும் கேளுங்கள். ஹலால் பலகை உள்ள இடத்தில் பன்றி இறைச்சி இராது, மாட்டிறைச்சி இருக்கும். ரெண்டாங் என்றால் பெரும்பாலும் அதுதான். உங்கள் வீட்டில் அதைத் தொடமாட்டீர்கள் என்றால் வாங்கும் முன் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பெட்டி கட்டும்போது ஒரு எச்சரிக்கை. வீட்டில் அரைத்த குழம்புப் பொடி, குருமாப் பொடி எதிலாவது கசகசா சேர்த்திருந்தால் அதைக் கொண்டுபோகாதீர்கள். சிங்கப்பூரில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் தடுப்புத் துறையின் பார்வைக்குள் வருகிறது. துபாய் போகிறவர்களுக்கும் இதே தடை உண்டு. மாமியார் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர் என்றால் அந்த மெல்லும் புகையிலைக்கும் அங்கே தடை. இறைச்சிக்கும் முட்டைக்கும் கடும் கட்டுப்பாடு. நாமக்கல் முட்டை என்றாலும் சுங்கத்தில் செல்லாது. அதிரசம், முறுக்கு, சேலம் தட்டுவடை இவற்றைத் தாராளமாகக் கட்டுங்கள். பட்டாசு நினைப்பே வேண்டாம். 1972 முதல் அங்கே வெடிக்கத் தடை. சத்தமில்லாத தீபாவளியில் சாப்பாட்டுக்கு மதிப்பு இன்னும் கூடிவிடும்.

மகன் நாளை வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் இந்த முறை உதவும். கோலாலம்பூர் என்றால் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வாழையிலைச் சாப்பாடு. லண்டன் என்றால் ஈஸ்ட் ஹாம். பாரிஸ் என்றால் லா ஷப்பேல். பின்னிரண்டிலும் ஈழத்தமிழர் கடைகள் நிறைய. இடியாப்பமும் சொதியும் மாமியாருக்கு ஒத்துக்கொள்ளும், கொத்து ரொட்டி பேத்திக்குப் பிடிக்கும். கோயில் இருக்கும் தெருவில் முதலில் தேடுங்கள். எந்த நாட்டிலும் நம் சைவச் சமையல் கோயிலை ஒட்டித்தான் கால் ஊன்றியிருக்கிறது.

ஓட்டலுக்கு மகன் பேசும்போது கேட்க வேண்டியவை இவ்வளவுதான். தீபாவளியன்று கடை திறந்திருக்குமா, எத்தனை மணிக்கு? அன்றைக்கு வழக்கமான பட்டியலா, பண்டிகைச் சாப்பாடு மட்டுமா? ஏழு பேருக்குச் சேர்ந்தாற்போல் மேசை தருவீர்களா, முன்பணம் உண்டா? கீழ்த்தளமா? சைவத்துக்குத் தனி அடுப்பா, தனிக் கரண்டியா? காரம், உப்பு குறைத்துத் தர முடியுமா? இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிற கடையை நம்பலாம். “வாங்க பாத்துக்கலாம்” என்கிற கடையைப் பண்டிகை நாளில் நம்ப வேண்டாம்.

“பண்டிகையன்று சொந்த வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு ஓட்டலில் சாப்பிடுவது சரியா?” என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். பதில் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. இலங்கையிலிருந்து திரும்பிய ராமர், அயோத்திக்குப் போய்ச் சேர நேரம் போதாதென்று உங்கள் ஊரிலேயே பட்டாபிஷேகம் செய்துகொண்டார் என்று கோதண்டராமர் கோயிலில் சொல்வார்கள். ஊரின் பெயருக்கும் அதையே காரணமாகச் சொல்வார்கள். உடன் இருக்க வேண்டியவர்கள் இருந்தார்கள். இடம் வழியில் அமைந்தது. உங்கள் வீட்டுத் தீபாவளிக்கும் அது போதும்.

மகனுக்கு இன்றே போன் போடுங்கள். கடையை அவன் பேசி முடிக்கட்டும், காசையும் அவனே கொடுக்கட்டும். ஆனால் அன்று மேசையில் விலைப்பட்டியலை முதலில் மாமியார் கையில் கொடுத்து, அவர் சொன்ன பிறகு மற்றவர்கள் சொல்லுங்கள்.

தீபாவளி நல்வாழ்த்துகளுடன்,
உங்கள் கட்டுரையாளர்